'நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார்?' - தலைக்காயத்தில் நாம் தவறவிடும் நேரம்

1998 பிப்ரவரி 20. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் உள்ளூர் அணிகளுக்கு இடையே கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்திய அணியின் முன்னாள் வீரர் ராமன் லம்பா, மட்டையாளருக்கு மிக அருகில், தலைக்கவசம் அணியாமல் களத்தடுப்புக்கு நின்றிருந்தார். ஓங்கி அடிக்கப்பட்ட பந்து அவரது தலையைத் தாக்கியது. கீழே விழுந்தவர் சற்று நேரத்தில் எழுந்தார். நடந்தே ஓய்வறைக்குத் திரும்பினார். ஆனால், அங்கே அவருக்கு நினைவு தவறியது. மூளைக்கு அருகில் தேங்கிய ரத்தத்தை அகற்ற அறுவை சிகிச்சை செய்யப்பட்டும் பலனில்லை. பிப்ரவரி 23 அன்று தமது 38ஆவது வயதில் அவர் உயிரிழந்தார்.

அடிபட்டவர் எழுந்து நடந்தார், பேசினார், பிறகு இறந்தார் என்பது கேட்பவர்களை அதிரவைக்கும் செய்தி. ஆனால், அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எவருக்கும் இது புதிதல்ல. “நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார்? காபிகூடக் குடித்தாரே!” என்று உறவினர்கள் கதறுவதை அவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். தலைக்காயத்தைப் பற்றி நாம் புரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான உண்மை அந்தக் கதறலுக்குள்ளேயே இருக்கிறது. அடிபட்ட நொடியில் நேர்வது ஒரு காயம். அடுத்த சில மணி நேரத்தில் மண்டையோட்டுக்குள் நேர்வது இன்னொரு காயம். முதல் காயத்தை எந்த மருத்துவராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது காயத்தைப் பெரும்பாலும் தடுக்க முடியும். தலைக்காய சிகிச்சை என்பது முழுக்க முழுக்க இந்த இரண்டாவது காயத்தோடு நடத்தப்படும் போராட்டம்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளுடன், விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. சாலையோடு இது முடிவதில்லை. குளியலறையில் வழுக்கி விழும் முதியவர், மொட்டைமாடியிலிருந்து விழும் குழந்தை, தென்னை மரத்திலிருந்து தவறி விழும் தொழிலாளி, சாரம் சரிந்து விழும் கட்டுமானப் பணியாளர் எனத் தலைக்காயம் நுழையாத இடமே இல்லை.

மூடிய பெட்டிக்குள் ஒரு போட்டி

வயிற்றில் அடிபட்டு வீக்கம் ஏற்பட்டால் வயிறு விரிந்துகொடுக்கும். மண்டையோடு விரியாது. மூளையைக் காக்கும் அந்தக் கெட்டியான எலும்புப் பெட்டியே அடிபட்ட பிறகு மூளைக்குப் பகையாகிவிடுகிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை மூன்று: மூளை, ரத்தம், மூளையைச் சூழ்ந்திருக்கும் தெளிந்த திரவம். இவற்றில் ஒன்று அதிகமானால் மற்றவை குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்ஸாண்டர் மன்றோ 1783இலும், ஜார்ஜ் கெல்லி 1824இலும் முன்வைத்த இந்தக் கோட்பாட்டின் மீதுதான் இன்றைய தலைக்காய சிகிச்சையும் நிற்கிறது.

உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும்போது, முதலில் மூளைத் திரவம் முதுகுத்தண்டுப் பகுதிக்கு நகர்ந்து இடம்கொடுக்கிறது. அடுத்து, சிரைகளில் உள்ள ரத்தம் வெளியேறி இடம்கொடுக்கிறது. இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும் வரை நோயாளி பேசுவார், நடப்பார், காபி குடிப்பார். விட்டுக்கொடுக்க இனி எதுவும் இல்லை என்ற நிலை வந்ததும் உள்ளே அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, உணர்வையும் மூச்சையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு நசுங்குகிறது. ஒரு கண்ணின் பாவை விரிகிறது; நாடித்துடிப்பு மந்தமாகிறது; ரத்த அழுத்தம் ஏறுகிறது; மூச்சு தாறுமாறாகிறது. பேச்சு நின்று சில நிமிடங்களுக்குள்ளேயே இவ்வளவும் நிகழ்ந்துவிடக்கூடும்.

மூளையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே. ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் வசதியும் அதற்கு இல்லை. அடிபட்ட மூளைக்குச் சில நிமிடங்கள் ஆக்ஸிஜன் குறைந்தாலும், ரத்த அழுத்தம் சரிந்தாலும், உயிர்தப்பியிருக்க வேண்டிய செல்களும் மடிகின்றன. கடுமையான தலைக்காயத்தில் மேல் ரத்த அழுத்தம் ஒருமுறை 90க்குக் கீழே இறங்கியிருந்தாலே இறப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காலில் எலும்பு முறிந்து ரத்தம் வெளியேறுவதுகூட மூளையைப் பாதிக்கும் காரணமாகிவிடுவது இதனால்தான்.

அடியின் வகைகள்

தலைக்காயம் என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் அடங்கியுள்ளன. தலைத்தோலில் ரத்த ஓட்டம் மிக அதிகம். எனவே, சிறு கிழிசலிலும் ரத்தம் கொட்டும்; பார்ப்பவர்கள் பதறுவார்கள். ஆனால், கொட்டும் ரத்தத்தை வைத்து உள்காயத்தின் ஆபத்தை அளவிட முடியாது. வெளியே ஒரு கீறலும் இல்லாதவரின் மண்டைக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கலாம்.

மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு ஏற்பட்டால், மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ நீர் போன்ற திரவம் ஒழுகலாம். இரு கண்களைச் சுற்றியும், காதின் பின்புறத்திலும் கருநீலமாகக் கன்றிப்போகலாம். அந்தத் திரவத்தைச் சளி என்று நினைத்துச் சிந்துவதோ, மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்து அடைப்பதோ தவறு. கிருமிகள் மூளையுறைக்குள் நுழைய அது வழிசெய்துவிடும்.

நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெலிதானது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பு முறிந்து அந்தத் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ரத்தம் வேகமாகத் தேங்கும். முதலில் சிறு மயக்கம், பிறகு தெளிவு, பிறகு ஆழ்ந்த மயக்கம் என்ற ஏமாற்று வரிசை இதில்தான் அதிகம் காணப்படும். 2009 மார்ச்சில் கனடாவின் பனிச்சறுக்குத் தலமொன்றில் விழுந்த ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், தமக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவ உதவியை மறுத்தார். முதலில் வந்த ஆம்புலன்ஸ் திரும்பிச் சென்றது. சில மணி நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாள்களில் அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனை காட்டிய காரணம் இவ்வகை ரத்தக்கட்டு. இதில் வேதனை என்னவென்றால், உரிய நேரத்தில் அகற்றப்பட்டால் நோயாளி முழுமையாகக் குணமடைய அதிக வாய்ப்புள்ள காயமும் இதுவே.

மூளையின் வெளியுறைக்கு உட்புறம் சிரைகள் கிழிந்து ரத்தம் தேங்குவது இன்னொரு வகை. இதில் பெரும்பாலும் மூளையும் சேர்ந்தே கன்றிப்போயிருக்கும் என்பதால் ஆபத்து கூடுதல். மூன்றாவது வகை, வேகமாகச் சுழன்று நின்ற தலைக்குள் மூளையின் நரம்பிழைகள் பரவலாக அறுபடுவது. இதில் அகற்றுவதற்கு ரத்தக்கட்டு இருக்காது, சி.டி. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாமலும் போகலாம். ஆனால், நோயாளி நாள்கணக்கில் கண்விழிக்க மாட்டார். “ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றார்களே, ஏன் எழவில்லை?” என்ற குடும்பத்தாரின் கேள்விக்குப் பல வேளைகளில் இதுவே விடை.

சாலையோரத்தில் நாம் செய்ய வேண்டியவை

இரண்டாவது காயத்தைத் தடுக்கும் பணி மருத்துவமனையில் தொடங்குவதில்லை. அடிபட்டவர் கிடக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் 108க்கு அழைக்க வேண்டும். அடிபட்டவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால், தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்தபடி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மல்லாந்து கிடப்பவரின் மூச்சுக்குழாய்க்குள் வாந்தி போவது, தலையில் பட்ட அடியைவிட விரைவாக உயிரைப் பறித்துவிடும்.

தலையில் அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்று கருதியே செயல்பட வேண்டும். உட்காரவைப்பது, உலுக்கி எழுப்புவது, கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைப்பது ஆகியவை கூடாது. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்கலாம். எலும்பு உள்வாங்கியிருப்பது தெரிந்தால் அங்கு அழுத்தக் கூடாது. தலைக்கவசம் அணிந்திருந்து, மூச்சும் சீராக இருந்தால், அதைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். மூச்சுக்குத் தடையாக இருந்தால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம்.

தண்ணீர், சோடா, காபி எதையும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுப்பதும் சிக்கலாகும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், வாயில் கரண்டியை வைப்பதும் பயனற்றவை. இரண்டாவது பழக்கம் ஆபத்தானதும்கூட.

இன்னொரு தவறும் நம்மிடம் உண்டு. மது வாடை வந்தால், “போதையில் கிடக்கிறான், தெளிந்ததும் எழுந்துவிடுவான்” என்று விலகிச் செல்கிறோம். மது அருந்தியவர் விழுவதற்கும் தலையில் அடிபடுவதற்கும் வாய்ப்பு அதிகம். எனவே, மயக்கத்துக்குக் காரணம் போதைதான் என்பது பரிசோதனைக்குப் பிறகு வரவேண்டிய முடிவு. பார்த்த மாத்திரத்தில் எட்டிவிடக் கூடாது.

உதவினால் வழக்கில் இழுத்தடிப்பார்கள் என்ற பழைய அச்சமும் இன்று தேவையற்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. தமது பெயரையும் முகவரியையும் தெரிவிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோரின் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, அங்கீகரிக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்பது இதற்குத் தடையல்ல.

மருத்துவமனையில் நடப்பது என்ன?

1974இல் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். மிகக் குறைந்த மதிப்பெண் 3. பதின்மூன்றுக்கு மேல் லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8க்குக் கீழ் கடுமையானது என்பது பொதுவான வகைப்பாடு (13, 8 ஆகிய எண்களும் முறையே லேசான, கடுமையான பிரிவுகளில் சேரும்). கருவி எதுவும் தேவைப்படாத இந்த அளவுகோலின் சிறப்பு, ஒரே எண்ணில் நோயாளியின் போக்கைச் சொல்லிவிடுவதுதான். காலையில் 14 ஆக இருந்தவர் மதியம் 11 ஆகிவிட்டால், அந்தச் சரிவே எச்சரிக்கை மணி. செவிலியர்கள் இரவெல்லாம் நோயாளியை எழுப்பி, பெயரைக் கேட்டு, கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பது தொந்தரவு செய்வதற்காக அல்ல. இந்தச் சரிவைப் பிடிப்பதற்காக.

அடுத்தது சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, மூளையைக் காட்டாது. பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளை படம் எடுக்கப்பட்டது. தலைக்காய மருத்துவத்தின் வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துவிடலாம். இன்று சில நிமிடங்களில் ரத்தக்கட்டு எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. ஆனால், ஸ்கேன் என்பது அது எடுக்கப்பட்ட நொடியின் படம் மட்டுமே. நோயாளியின் நிலை மோசமானால், முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் மறுபடியும் எடுக்க வேண்டும்.

தலைக்காயம் என்றாலே அறுவை சிகிச்சைதான் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தேவைப்படுவதில்லை. கடுமையான காயத்தில் செயற்கைச் சுவாசம், படுக்கையின் தலைப்பகுதியை 30 பாகை உயர்த்தி வைப்பது, மூளையின் நீரைக் குறைக்கும் மானிட்டால் அல்லது அடர் உப்புக் கரைசல், மூளைக்கு ஓய்வு தரும் மயக்கமருந்து, முதல் ஒரு வாரத்துக்கு வலிப்புத் தடுப்பு மருந்து, காய்ச்சலும் சர்க்கரையும் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஆகியவையே சிகிச்சையின் பெரும்பகுதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே செய்யாததுபோலத் தோன்றும் இவை யாவும் அழுத்தத்தைக் குறைக்கவும், மூளைக்கு ஆக்ஸிஜன் தடைபடாமல் இருக்கவும் செய்யப்படுபவை.

ரத்தக்கட்டு பெரிதாக இருந்து மூளையை ஒருபுறம் தள்ளினால், மண்டையோட்டைத் திறந்து அதை அகற்றுவார்கள். வீக்கம் எதற்கும் கட்டுப்படாதபோது, மண்டையோட்டின் ஒரு பகுதியையே எடுத்துவிட்டு, மூளை விரிய இடம்தருவதும் உண்டு. எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலோ உறைகுளிர்ப் பெட்டியிலோ பாதுகாத்து, சில மாதங்களுக்குப் பின் மீண்டும் பொருத்துவார்கள்.

இந்தக் கடைசி சிகிச்சை குறித்துக் குடும்பத்தினர் ஒரு கசப்பான உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துகளுக்குக் கட்டுப்படாத அழுத்தம் கொண்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மருந்து சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தோர் ஏறத்தாழ 49 விழுக்காடு. எலும்பை எடுத்தவர்களில் 27 விழுக்காடு. உயிர்கள் காக்கப்பட்டன. ஆனால், காக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் உணர்வற்ற நிலையிலோ, பிறரை முழுவதும் சார்ந்தோ வாழ நேர்ந்தது. எனவே, “எப்படியாவது காப்பாற்றுங்கள்” என்ற வேண்டுகோளுக்கு முன்பு, எப்படிப்பட்ட வாழ்வுக்காக என்று மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து பேசுவது அவசியம்.

நம்பிக்கையும் சான்றும்

மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி, தலைக்காயத்துக்குப் பல்லாண்டுகள் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டது. அது சரிதானா என்று 10,008 நோயாளிகளிடம் சோதித்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள் 21 விழுக்காடு. பெறாதவர்களில் 18 விழுக்காடு. நன்மை செய்வதாக நம்பப்பட்ட மருந்து, நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றிருந்தது. அதன்பின் தலைக்காயத்தில் அது கைவிடப்பட்டது.

2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நல்ல செய்தி தந்தது. ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற விலை குறைந்த பழைய மருந்தை, அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், லேசான, நடுத்தரத் தலைக்காயங்களில் இறப்பு குறைகிறது. கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. நேரம் கடந்தாலும் பலன் குறைகிறது. மருந்துக்கும்கூடக் கடிகாரம்தான் எல்லை வகுக்கிறது.

சிறு அடி, பெரிய கவனம்

தலையில் அடிபடுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு லேசான காயம்தான். மருத்துவர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பும்போது, முதல் 24 முதல் 48 மணி நேரம் ஒருவர் உடனிருந்து கவனிக்கச் சொல்வார். அந்த அறிவுரையை நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத உறக்கம், வலிப்பு, குழப்பமான அல்லது குழறும் பேச்சு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல், இரட்டைப் பார்வை, மூக்கிலோ காதிலோ திரவம் ஒழுகுதல். கைக்குழந்தைகளிடம் ஓயாத அழுகை, பால் குடிக்க மறுத்தல், உச்சிக்குழி புடைத்தல், தலையில் மெத்தென்ற பெரிய வீக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மருத்துவர் பரிசோதித்த பிறகு நோயாளி தூங்கலாம். தூங்கவே விடக் கூடாது என்பது தவறு. இடையிடையே எழுப்பிப் பார்த்தால் போதும்.

விளையாட்டில் அடிபட்டு மயங்கியோ குழம்பியோ நின்ற சிறுவரை அன்றே மீண்டும் ஆடவிடக் கூடாது. முதல் அதிர்ச்சியிலிருந்து மூளை மீள்வதற்குள் இரண்டாவது அடி விழுவது பேராபத்து. சர்வதேச கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்ட வீரருக்குப் பதிலாக மாற்று வீரரைக் களமிறக்க அனுமதித்திருப்பது இந்தப் புரிதலால்தான். நம் பள்ளி மைதானங்களுக்கும் அந்த விதி வந்தாக வேண்டும்.

முதியோரிடம் தலைக்காயம் வேறு வேடத்தில் வருகிறது. வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்க, அதை உறையோடு இணைக்கும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசாக இடித்துக்கொண்டாலே அவை கசியலாம். ரத்தம் மிக மெதுவாகத் தேங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு, சில நேரம் அதற்கும் பிறகு, மறதி, தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், நடத்தை மாற்றம் என வெளிப்படும். விழுந்ததே மறந்துபோயிருக்கும், “அப்பாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது” என்று குடும்பம் ஏற்றுக்கொண்டுவிடும். மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்துவிட்டால், பலர் சில நாள்களிலேயே பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். இதயநோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அவர்கள் தலையில் இடித்துக்கொண்டால், காயம் சிறிதாயினும் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

வீடு திரும்பிய பிறகு

தையல் பிரித்ததோடு தலைக்காயம் முடிவதில்லை. 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில்பாதைப் பணியின்போது வெடித்துப் பாய்ந்த இரும்புக் கம்பி, ஃபினியஸ் கேஜ் என்ற தொழிலாளியின் கன்னம் வழியே நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் உயிர்பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால், பொறுப்பும் நிதானமும் கொண்டிருந்தவர் முரட்டுச் சுபாவம் கொண்டவராக மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பதிவுசெய்தார். மூளையின் முன்பகுதி நம் குணத்தையும் ஆள்கிறது என்பதை உலகம் உணர அந்த நிகழ்வு உதவியது.

இன்றும் பல வீடுகளில் இது நடக்கிறது. விபத்துக்குப் பிறகு காரணமின்றிக் கோபப்படும் கணவன், பாடம் மனத்தில் நிற்காத மகன், எதிலும் ஆர்வமற்றுப்போன மகள். இவர்களைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் வீடு தண்டிக்கிறது. அது காயத்தின் தொடர்ச்சி. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, நினைவாற்றல் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு இதில் பெரும் பங்குண்டு. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பின்னும் மெதுவாகத் தொடரும். உயிர்காக்கும் சிகிச்சைக்குத் திட்டம் வகுத்துள்ள அரசு, மறுவாழ்வு சிகிச்சையையும் மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல வேண்டும்.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோமாவில் இருப்பவர் மீளக்கூடும். மூளைச்சாவு என்பது மூளைத்தண்டும் மீளாமல் செயலிழந்த நிலை, அது இறப்புதான். உறுப்பு தானத்துக்காக அதை உறுதிசெய்ய, 1994ஆம் ஆண்டு சட்டத்தின்படி, மருத்துவர் குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

முதல் அடியைத் தடுக்கும் கவசம்

இரண்டாவது காயத்தைத் தடுப்பது மருத்துவத்தின் வேலை என்றால், முதல் காயத்தைத் தடுப்பது நம் வேலை. 1935 மே மாதம், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி.இ.லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள்கள் மயக்கத்தில் கிடந்து இறந்தார். அவரைப் பரிசோதித்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர். பின்னர் அவர் ராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எழுதினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

தலைக்கவசம், இரு சக்கர வாகன விபத்துகளில் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு, அடியின் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது. எனவே, ஒருமுறை பலத்த அடிவாங்கிய கவசத்தை மீண்டும் அணியக் கூடாது. தாடைப் பட்டையைப் பூட்டாத கவசம், தலை தரையில் மோதும் முன்பே பறந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசங்களை மட்டுமே விற்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. ஆனாலும், காவலரைக் கண்டதும் அணிவதற்காகப் பெட்ரோல் டேங்க் மீது கவசத்தை வைத்திருப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஓட்டுபவரின் தலையில் கவசம், பின்னால் இருக்கும் மனைவியின் தலையிலும் குழந்தையின் தலையிலும் ஒன்றுமில்லை என்ற காட்சி நமக்குப் பழகிப்போய்விட்டது.

லம்பாவின் முடிவுக்கு 36 ஆண்டுகளுக்கு முன்பு, இன்னோர் இந்திய வீரருக்கும் தலையில் பந்து பட்டது. 1962 மார்ச்சில் பார்படாஸ் தீவில் இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோடு, சார்லி கிரிஃபித் வீசிய பந்தில் முறிந்தது. உடனடி அறுவை சிகிச்சை நடந்தது. எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரல் உள்ளிட்டோர் ரத்தம் கொடுத்தார்கள். பல நாள்கள் நினைவின்றிக் கிடந்தவர் மீண்டார். அதே ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949இல் இந்தியாவின் முதல் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி, அவரது மண்டையோட்டில் உலோகத் தகடு பொருத்தினார். கான்ட்ராக்டர் மீண்டும் டெஸ்ட் போட்டிகளில் ஆடவில்லை. ஆனால், முதல்தர கிரிக்கெட்டுக்குத் திரும்பினார். 2022இல் தமது 88ஆவது வயதில்தான் அந்தத் தகட்டை அகற்றிக்கொண்டார்.

சி.டி. ஸ்கேனோ கிளாஸ்கோ அளவுகோலோ இல்லாத காலத்திலேயே, காயத்தின் கடுமையை உணர்ந்து உடனே செயல்பட்ட மருத்துவர்களாலும், ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களாலும் அறுபது ஆண்டு வாழ்க்கை ஒருவருக்குத் திரும்பக் கிடைத்தது. இன்று கருவிகள் இருக்கின்றன, மருந்துகள் இருக்கின்றன, சட்டப் பாதுகாப்பும் அரசின் திட்டமும் இருக்கின்றன. தலையில் அடிபட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி எழுந்து நடக்கும்போது, அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஒருவர் அருகில் இருப்பதுதான் இன்னும் உறுதியாகவில்லை.